மழைக்குள் வேலையை நிறுத்தும் அதிகாரம் யாருக்கு?

2021 மே 22 ஆம் திகதி காலை ஒன்பது மணிக்கு, சீனாவின் கான்சு மாகாணத்தில் மஞ்சள் ஆற்றோரம் உள்ள கற்காடு என்னும் சுற்றுலாத் தலத்தில் 172 பேர் ஓடத் தொடங்கினார்கள். நூறு கிலோமீற்றர் தூர மலைப்பாதை ஓட்டம் அது. மறுநாள் காலை, அவர்களில் 21 பேர் உயிரோடில்லை என்பது உறுதியானது.

நோஞ்சான்கள் அல்ல அவர்கள். இறந்தவர்களில் லியாங் ஜிங் என்பவர் சீனாவிலேயே பெயர் பெற்ற நெடுந்தூர ஓட்டவீரர். இன்னொருவரான ஹுவாங் குவான்ஜுன், செவிப்புலன் குறைந்தோருக்கான தேசிய மரதன் ஓட்டத்தில் 2019 இல் முதலிடம் பெற்றவர். அன்று மலையில் அதிகம் சிக்கியவர்கள் பின்தங்கியவர்களல்லர். வேகமாக ஓடி முன்னே போனவர்களே சிக்கினார்கள். மழையும் ஆலங்கட்டியும் சூறைக்காற்றும் வந்த நேரத்தில் உச்சிக்குக் கிட்டவாக, ஒதுங்க ஒரு மரங்கூட இல்லாத இடத்தில் நின்றவர்கள் அவர்கள்தான்.

தோட்டத் தொழிலாளரின் பத்திரிகைக்கு ஓட்டப்பந்தயக் கதை எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியா வரை 300 கிலோமீற்றருக்கும் மேல் நீளும் பீக்கோ நடைபாதை இன்று நமது மலைகளுக்கூடாகப் போகிறது. நமது பாட்டன் பூட்டிமார் கொழுந்துக் கூடையோடு நடந்து நடந்து தடம்பதித்த பாதையில் உல்லாசப் பயணிகள் காசு கொடுத்து நடக்கிறார்கள். நடக்கட்டும், அதில் நமக்கு வருத்தமில்லை. ஆனால் நாம் இதை எழுதுவது அதற்காக அல்ல. கான்சு மலையில் அந்த 21 பேரைக் கொன்ற காரணங்களைப் பிறகு விசாரணை அறிக்கை வெளிக்கொணர்ந்தது. அவற்றைப் படிக்கும் எந்தத் தோட்டத் தொழிலாளிக்கும் தனது சொந்த மலை நினைவுக்கு வராமல் போகாது.

முதலாவது, எச்சரிக்கை இருந்தது. பலத்த காற்று வீசும் என்று அப்பகுதி வானிலை நிலையம் முதல்நாளே அறிவித்திருந்தது. அந்த அறிவிப்பு தாளில் கிடந்தது. ஓட்டத்தைத் தள்ளிவைக்கவோ பாதையைக் குறைக்கவோ யாரும் முன்வரவில்லை. குளிரையும் காற்றையும் தாங்கும் மேலங்கியைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்ற விதியும் இருக்கவில்லை. கொண்டுவந்தால் நல்லது என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். பலர் அரைக்காற்சட்டையும் மெல்லிய மேற்சட்டையுமாகவே ஓடினார்கள். சிலர் மேலங்கியை முன்கூட்டியே ஒப்படைத்த பையில் வைத்திருந்தார்கள். அந்தப் பையோ பாதையில் வெகுதூரத்துக்கு அப்பால் காத்திருந்தது.

இரண்டாவது தரிப்பிடத்திலிருந்து மூன்றாவது தரிப்பிடம் எட்டுக் கிலோமீற்றர். அதற்குள் ஏறவேண்டிய உயரம் ஆயிரம் மீற்றர். வாகனம் போகமுடியாத கல்லும் மண்ணுமான பாதை என்பதால் மூன்றாவது தரிப்பிடத்தில் உணவுமில்லை, சுடுதண்ணீருமில்லை. ‘என்னால் முடியாது, நான் விலகுகிறேன்’ என்று சொன்னாலும் அங்கிருந்து இறக்கிக்கொண்டு போக ஏற்பாடு இல்லை. ஆக, பாதையில் மிகக் கடினமான இடம் எதுவோ அந்த இடத்தில்தான் உதவி எதுவுமே இல்லை.

இன்னொன்றும் உண்டு. குறித்த நேரத்துக்குள் ஓடி முடிக்கும் ஒவ்வொருவருக்கும் 1,600 யுவான் பணம் தருவதாக அறிவித்திருந்தார்கள். இடையில் நின்றால் அது கிடையாது. வானம் கறுக்கும்போது திரும்புவதா, இன்னும் கொஞ்சம் ஏறுவதா என்று யோசிக்கும் ஒருவனின் கால் எந்தப் பக்கம் போகும்?

குளிர் மனிதனைக் கொல்லும் விதத்தையும் இங்கே சொல்லவேண்டும். அதற்குப் பனி கொட்டவேண்டியதில்லை. நனைந்த உடுப்பும் காற்றும் சோர்ந்த உடம்பும் சேர்ந்தால் போதும். உடலின் உட்சூடு 35 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கினால் ஆபத்து தொடங்கிவிட்டது. முதலில் நடுக்கம், விரல் மரத்துப்போதல். பிறகு பேச்சு குழறும், நடை தள்ளாடும், புத்தி தடுமாறும். ஒரு கட்டத்தில் நடுக்கம் நின்றுவிடும். ‘சரியாகிவிட்டது’ என்று பக்கத்தில் இருப்பவர்கள் அப்போதுதான் ஏமாறுகிறார்கள். அதுதான் மிக மோசமான அறிகுறி. அந்த ஆளால் அதன்பின் தனக்காக முடிவெடுக்க முடியாது. ஈர உடுப்பைக் களைந்து, காற்றுப்படாத இடத்தில் வைத்து, உலர்ந்த கம்பளியால் போர்த்தி, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். மழைக்காலத்தில் உயர்நாட்டுத் தோட்டங்களில் நாள்முழுக்க நனையும் நமது பெண்களுக்கு இந்த முதல் அறிகுறிகள் புதியவை அல்ல. ‘குளிர் காய்ச்சல் மாதிரி’ என்று சொல்லி ஒரு பனடோலோடு மறுநாளும் பிரட்டுக்கு வருகிறார்கள்.

அன்று கான்சு மலையில் ஆறு உயிர்களைக் காப்பாற்றியவர் ஓட்டத்தை நடத்தியவர்களைச் சேர்ந்தவரல்லர். சூ கெமிங் என்ற ஆட்டிடையர். மழைக்கு ஒதுங்கி ஒரு குகைக்குள் இருந்தவர், வெளியே ஒருவர் தடுமாறுவதைக் கண்டு உள்ளே அழைத்துவந்தார். பிறகு வேறு சிலரையும் கொண்டுவந்து, நெருப்பு மூட்டி, அங்கே வைத்திருந்த போர்வைகளால் மூடினார். கம்பனியும் மாவட்ட நிர்வாகமும் செய்யாத ஏற்பாட்டை, ஆடு மேய்க்கும் ஒரு மனிதர் தனது பிழைப்புக்காகவே செய்துவைத்திருந்தார். மலையில் வேலை செய்கிறவனுக்குத்தான் மலை தெரியும்.

அடுத்த மாதமே அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள், நடத்திய கம்பனியைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள், இத்தகைய ஓட்டங்கள் நாடு முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டன. செத்தவர்களுக்கு அதனால் ஆவதொன்றுமில்லை.

நிறுத்துவது முடியாத காரியமல்ல என்பதற்கும் சான்று இருக்கிறது. ஐரோப்பாவில் மொன்பிளாங்க் மலையைச் சுற்றி, பிரான்ஸ், இத்தாலி, சுவிட்சர்லாந்து ஆகிய மூன்று நாடுகளுக்கூடாக ஆண்டுதோறும் பெரிய ஓட்டம் ஒன்று நடக்கிறது. 2010 இல் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஓடத் தொடங்கிய பிறகு, மழையும் சேறும் எல்லை மீறியதால், அன்றிரவே அதை இடையில் நிறுத்தினார்கள். 2012 இல் உயரமான கணவாய்களைத் தவிர்த்து, தூரத்தை நூறு கிலோமீற்றர் அளவுக்குக் குறைத்தார்கள். மழையங்கி அங்கே கட்டாயம். இல்லாதவருக்கு ஓட அனுமதியில்லை. வருடமெல்லாம் பயிற்சி செய்து வந்தவர்களுக்கு ஏமாற்றந்தான். ஆனால் முடிவெடுத்தவர்கள் கீழே நின்று வானிலையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். ஓடுபவரின் தலையில் அந்தச் சுமையைப் போடவில்லை.

நமது மலையில் அந்தச் சுமை யார் தலையில் இருக்கிறது? கொழுந்து பறிக்கும் பெண்ணின் தலையில், கூடையோடு சேர்த்து. இடி இடிக்கும்போது இறங்கினால் கிலோ குறையும். 18, 20 என்று தோட்டத்துக்குத் தோட்டம் மாறும் அந்தக் கிலோ வராவிட்டால் அரைப்பேர். போதாததற்கு, நனைந்த கொழுந்து என்று சொல்லி நிறுவையில் ஈரத்துக்கு வேறு கழிக்கிறார்கள். அதாவது மழைநாளில் அதிகம் பறித்தால்தான் முழுப்பேர். ஓடி முடித்தால் 1,600 யுவான் என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஒரு வித்தியாசம் உண்டு. அவர்கள் விரும்பி, பணம் கட்டி வந்தவர்கள். நமது ஆட்கள் அடுப்பெரிய வேண்டும் என்பதற்காக ஏறுகிறவர்கள்.

எச்சரிக்கை வந்தும் ஆள் அசையாததன் விலையும் நமக்குத் தெரியும். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி மலையகத்தை உலுக்கியபோதும் நமது மக்கள் பட்டது கொஞ்சமல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மண்சரிவு எச்சரிக்கை விடுகிறது. வளிமண்டலவியல் திணைக்களம் மின்னலுக்கும் பலத்த மழைக்கும் அறிவித்தல் விடுகிறது. அவை கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன. அந்த நிறம் மாறும் கணத்தில் மலையில் நிற்கும் ஆட்களை இறக்கும் கடமை யாருக்கு, இறங்கியவர்களுக்கு அன்றைய பேர் என்ன என்பது மட்டும் எங்கும் எழுதப்படவில்லை.

ஆகவே நாம் கேட்பது இரக்கமல்ல, எழுத்தில் ஒரு விதி. எச்சரிக்கை விடுக்கப்பட்ட பிரிவில் வேலை நிற்கவேண்டும். நின்ற நாளுக்கு முழுப்பேர் போடவேண்டும். அன்றைக்குக் கிலோ பார்க்கக்கூடாது. தோளில் ஒட்டிக்கொள்ளும் பழைய படங்கு மழையங்கி ஆகாது. உடம்பை மூடும் மழையங்கியைச் சம்பளத்தில் வெட்டாமல் நிர்வாகம் கொடுக்கவேண்டும். மலைக்கு மேலே, வாகனம் போகாத இடங்களில், ஒதுங்க ஒரு கொட்டகையும் சுடுதண்ணீரும் வேண்டும். இறங்கச் சொல்லும் அதிகாரம் துரையின் தொலைபேசி வரும்வரை காத்திருக்கக்கூடாது. மலையில் நிற்கும் கங்காணிக்கும், தொழிலாளர்கள் தெரிவுசெய்யும் ஒருவருக்கும் அது இருக்கவேண்டும். ‘இப்படிக் கொடுத்தால் தூறலுக்கெல்லாம் இறங்கிவிடுவார்கள்’ என்று நிர்வாகங்கள் சொல்லும். ஆடிமாதத் தூறலில் ஒன்றரை நூற்றாண்டாகக் கொழுந்து பறித்த மக்களைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது?

இதைச் சம்பள நிர்ணய சபையிலும் கம்பனிகளுடனான பேச்சுவார்த்தையிலும் முன்வைக்க நமக்குத் தாளில் ஆதாரம் தேவை. தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் தலைவிகளும் இன்றிலிருந்தே ஒரு கொப்பி வைக்கவும். எந்தத் திகதி, எத்தனை மணிக்கு எச்சரிக்கை வந்தது, எத்தனை மணிக்கு ஆட்களை இறக்கினார்கள், எத்தனை பேருக்கு அரைப்பேர் போட்டார்கள், ஈரத்துக்கு எத்தனை கிலோ கழித்தார்கள் என்பதைக் குறித்து, மாதக் கடைசியில் ஒரு பிரதியை மாவட்டக் காரியாலயத்தில் ஒப்படைக்கவும்.