பாட்டுப் பட்டியலில் வளரும் பகை



நம் தருமபுரி மாவட்டத்து மஹல்லாக்கள் பலவற்றில் இளைஞர்களுக்கென்று வாட்ஸ்அப் குழுக்கள் இருக்கின்றன. ஜனாஸா அறிவிப்பு, இரத்தத் தேவை, பெருநாள் தொழுகை நேரம் ஆகியவற்றைத் தெரிவிப்பதற்காகவே அவை தொடங்கப்பட்டன. இன்று அவற்றைத் திறந்து பார்த்தால் பாடல்களுக்குள் பந்தயம் நடந்துகொண்டிருக்கிறது. காலத்தால் அழியாத பத்துப் பாடல்கள் எவை, முதலிடம் எதற்கு, உன் வாக்கு யாருக்கு என்று ஓயாத வாக்கெடுப்பு. முடிவு வந்ததும் வென்றவர்கள் கேலி செய்கிறார்கள், தோற்றவர்கள் வசைபாடுகிறார்கள். இரவு பதினோரு மணிக்குமேல் ஒருவன் இன்னொருவனின் தாயை இழுத்துப் பேசுகிறான். விடிந்ததும் இருவரும் ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று ஃபஜ்ர் தொழ வேண்டியவர்கள். வருவதில்லை என்பது வேறு செய்தி.

இசை ஹலாலா ஹராமா என்ற விவாதத்தை நாம் இங்கே திறக்கவில்லை. நரம்புக் கருவிகளையும் குழல்களையும் நான்கு மத்ஹபு அறிஞர்களுள் பெரும்பாலோர் அனுமதிக்கவில்லை என்பதை நாம் அறிவோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) தம் இஹ்யாவில் இசை கேட்பது குறித்துத் தனிப் பகுதியே எழுதி, எது கூடும் எது கூடாது என்று பிரித்துக் காட்டியிருப்பதையும் அறிவோம். அது ஆலிம்களின் வேலை. நம் குற்றச்சாட்டு வேறு. பெரியவர்களாகிய நாம் "ஹராம்" என்ற ஒற்றைச் சொல்லை வீசிவிட்டுக் குழுவை விட்டு வெளியேறிவிடுகிறோம். பையன்கள் அதே குழுவில் ஒருவரையொருவர் அவமதித்துக்கொண்டிருப்பதைப் பார்த்தும் பாராதிருக்கிறோம். கேலி செய்வதும் பட்டப்பெயர் சூட்டுவதும் ஹராம் என்பதில் எந்த மத்ஹபுக்கும் கருத்து வேறுபாடு இல்லையே! ஸூரத்துல் ஹுஜுராத்தின் 11ஆம் வசனம் அவ்விரண்டையும் பெயர் சொல்லித் தடுக்கிறது. கருத்து வேறுபாடுள்ள ஒன்றுக்குக் குரல் உயர்த்துகிறோம். கருத்து வேறுபாடே இல்லாத ஒன்றுக்கு வாய் திறப்பதில்லை.

பாட்டு எப்போது பாவமாகிறது என்பதற்கு ஸீராவிலேயே ஒரு பாடம் இருக்கிறது. ஹிஜ்ரத்துக்குச் சில ஆண்டுகள் முன் மதீனாவின் அவ்ஸ், கஸ்ரஜ் கோத்திரங்கள் புஆஸ் என்னுமிடத்தில் ஒருவரையொருவர் வெட்டிச் சாய்த்துக்கொண்டன. அப்போரைப் பற்றி இரு தரப்பிலும் பாட்டுகள் எழுந்தன. பின்னர் ஒரு பெருநாளில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் இல்லத்தில் சிறுமியர் இருவர் அந்தப் புஆஸ் பாட்டுகளைப் பாடிக்கொண்டிருந்தனர். அபூபக்ர் (ரலி) அதட்டியபோது, இது பெருநாள், அவர்களை விட்டுவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். புகாரியில் வரும் செய்தி இது. இன்னொரு நிகழ்ச்சியை இப்னு ஹிஷாமின் ஸீராவில் காண்கிறோம். அவ்ஸும் கஸ்ரஜும் இஸ்லாத்தில் ஒன்றாகி, ஒரே சபையில் அளவளாவிக்கொண்டிருப்பதைப் பொறுக்காத ஒருவர், அங்கே புஆஸ் கவிதைகளைச் சொல்லும்படி ஓர் இளைஞனை ஏவிவிட்டார். பழைய காயம் கிளறப்பட்டது. யார் வீரர், யார் கோழை என்று தொடங்கிய பேச்சு, ஆயுதம் எடுங்கள் என்ற கூச்சலில் முடிந்தது. இரு தரப்பாரும் ஊருக்கு வெளியே அணிவகுத்துவிட்டனர். நபி (ஸல்) அவர்கள் விரைந்து வந்து, நான் உங்களிடையே இருக்கும்போதே அறியாமைக் காலத்தின் அழைப்பா என்று கேட்டார்கள். அழுதபடியே அவர்கள் தழுவிக்கொண்டனர். ஆலு இம்ரான் அத்தியாயத்தின் 100ஆம் வசனமும் அதைத் தொடர்ந்து வருபவையும் இதையொட்டி இறங்கியதாக விரிவுரையாளர்கள் எழுதுகிறார்கள்.

இரண்டு இடத்திலும் ஒரே போரின் பாட்டுகள். பெருநாள் வீட்டில் சிறுமியர் பாடியபோது அது மகிழ்ச்சி. எந்தக் கூட்டம் மேல் என்று அளப்பதற்காக ஓதப்பட்டபோது அதுவே ஜாஹிலிய்யா. நம் பிள்ளைகளின் கைபேசியில் நடப்பது இவ்விரண்டில் எது?

இதற்கு ஒரு மறுப்பு வரும். அதையும் மறைக்க வேண்டாம். "கவிஞர்கள் சொன்னவற்றுள் மிக மெய்யானது லபீதின் சொல் என்று நபிகளார் சொன்னார்களே, அதுவும் தரவரிசைதானே?" என்று விவரமறிந்த இளைஞர்கள் கேட்பார்கள். கேட்கட்டும், நல்ல கேள்வி. அல்லாஹ்வைத் தவிர மற்ற அனைத்தும் வீண் என்ற பொருளைச் சொன்னதற்காக லபீதின் அடி மெய்யானது எனப்பட்டது. அங்கே அளவுகோல் உண்மை. லபீத் எந்தக் குலம் என்பது கேட்கப்படவே இல்லை. முஸ்லிம் தொகுப்பில் இன்னொரு ஹதீஸைப் பாருங்கள். இஸ்லாத்தை ஏற்காமலே இறந்துபோன தாயிஃப் நகரத்துக் கவிஞர் உமய்யா இப்னு அபிஸ்ஸல்த்தின் கவிதைகள் தெரியுமா என்று நபி (ஸல்) அவர்கள் தமக்குப் பின்னே வாகனத்தில் அமர்ந்திருந்த ஷரீத் (ரலி) அவர்களிடம் கேட்டார்கள். இன்னும் சொல், இன்னும் சொல் என்று நூறு பைத்துகள் வரை கேட்டார்கள். அந்தக் கவிஞர் "நம்மவர்" அல்லர். அவருடைய கவிதைக்கு அது ஒரு தடையாகவும் இருக்கவில்லை.

ஜாஹிலிய்யாக் காலத்து அரபியருக்கும் தரவரிசைப் பித்து உண்டு. உகாழ் சந்தையில் நாபிஙா என்ற முதுகவிஞருக்குச் சிவப்புத் தோலால் கூடாரம் அமைப்பார்கள். கவிஞர்கள் வந்து பாடித் தீர்ப்புப் பெறுவார்கள். அஃஷாவுக்கும் கன்ஸாவுக்கும் அவர் ஏற்றம் கொடுத்தபோது, உம்மைவிட நானே பெரிய கவிஞன் என்று ஹஸ்ஸான் இப்னு ஸாபித் வெகுண்டெழுந்ததாக அரபு இலக்கிய நூல்கள் சொல்கின்றன. அந்த ஹஸ்ஸான் (ரலி) அவர்களுக்கே பின்னாளில் மஸ்ஜிதுந் நபவியில் மேடை அமைக்கப்பட்டது. அங்கே அவர்கள் யாருடைய இடத்தையும் பிடிப்பதற்காகப் பாடவில்லை.

இனி நம் பட்டியல்களுக்கு வருவோம். மிகப் பெரிய சண்டை ஏ. ஆர். ரஹ்மானா, இளையராஜாவா என்பது. தமிழ்நாடு முழுக்க நடக்கும் சண்டைதான். ஆனால் நம் குழுக்களில் அதற்கு ஒரு தீனி கூடுதலாக ஏறியிருக்கிறது: ரஹ்மான் நம்மவர், ஆகவே அவருக்கு வாக்களிப்பது கடமை என்பதுபோல் பேசுகிறார்கள். சகோதரர்களே, 2009இல் இரண்டு ஆஸ்கர் விருதுகளைக் கையில் வைத்துக்கொண்டு உலகத்தின் முன்னால் அந்த மனிதர் தமிழில் சொன்னது "எல்லாப் புகழும் இறைவனுக்கே" என்பது. புகழை அவர் ஒப்படைத்துவிட்டார். அதைத் திரும்ப வாங்கி அவர் தலையில் வைக்க நாம் ஏன் அடித்துக்கொள்கிறோம்? ரஹ்மான் தம் இளம் வயதில் இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்தவர். ரோஜா வெளியான அதே 1992இல் வந்த செம்பருத்தி படத்தில், இளையராஜாவின் இசையில் நம் நாகூர் இ. எம். ஹனீபா பாடியிருக்கிறார். அவர்களே கலந்து வேலை செய்திருக்கிறார்கள். அரூரிலும் காரிமங்கலத்திலும் உட்கார்ந்துகொண்டு நாம் அவர்களுக்கிடையே வேலி கட்டுகிறோம்.

இதையாவது சினிமா விவகாரம் என்று தள்ளிவிடலாம். தள்ள முடியாத ஒன்று இருக்கிறது. தமிழோடு உருதும் தெலுங்கும் கன்னடமும் புழங்கும் மாவட்டம் இது. பாரமஹால் என்ற பெயரில் ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆட்சியில் இருந்து, 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் ஆங்கிலேயர் கைக்குப் போன மண். நம் ஜமாஅத்துகளில் வீட்டில் தமிழ் பேசுவோரும் உருது பேசுவோரும் ஒரே கபரஸ்தானைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரு வீட்டில் அத்தா, அடுத்த வீட்டில் அப்பாஜான். கொடுக்கல் வாங்கலும் பெண் கொடுத்தலும்கூட உண்டு. அப்படிப்பட்ட ஊர் ஒன்றில் சென்ற ரபீஉல் அவ்வல் மாதத்தில் ஒரு வாக்கெடுப்பு நடத்தினார்கள். நபிபெருமானாரைப் (ஸல்) புகழும் பாடல்களில் முதலிடம் ஹனீபாவின் தமிழ்ப் பாடலுக்கா, உவைஸ் ரஸா காதிரியின் உருது நஅத்துக்கா? எண்ணிக்கையில் குறைந்த உருது வீட்டுப் பையன்கள் தோற்றார்கள். தோற்றவர்களைப் பார்த்து ஒருவன் எழுதினான்: சோறு தமிழ்நாட்டில், பாட்டு பாகிஸ்தானிலா?

எந்தச் சொல்லைப் பிறர் நம்மை நோக்கி எறியும்போது நெஞ்சு கொதிக்கிறோமோ, அதே சொல்லை ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமின் மேல் எறிந்தான். அதுவும் ரஸூலுல்லாஹ்வின் (ஸல்) புகழைப் பாடும் போட்டியில். அந்த வீட்டுப் பிள்ளைகள் அன்றிரவே குழுவை விட்டு வெளியேறினர். இரண்டு வாரம் கழித்து ஒரு முதியவர் வஃபாத்தானார். அறிவிப்பு அந்தக் குழுவில் மட்டுமே போடப்பட்டது. ஒரு தெரு தள்ளி இருந்தவர்களுக்கு மய்யித்தை அடக்கிய பின்பே செய்தி தெரிந்தது. ஒரு முஸ்லிமின் ஜனாஸாவைப் பின்தொடர்வது மற்ற முஸ்லிம் அவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று. அந்தக் கடமை ஒரு பாட்டுப் பட்டியலால் தவறிப்போயிற்று. வாக்கெடுப்பு நடத்தியவர்கள் அந்த வீடுகளுக்கு நேரில் சென்று, வாசலில் நின்று மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். "ஸாரி பாய்" என்று ஒரு குறுஞ்செய்தி போனதாகக் கேள்விப்பட்டோம். அவ்வளவே.

பாட்டைப் பட்டியலிடுவது புதிதா என்றால், இல்லை. இலங்கை வானொலியில் 1952 முதல் அமீன் சயானி நடத்திய பினாகா கீத்மாலா, இசைத்தட்டு விற்பனையையும் நேயர் விருப்பத்தையும் கொண்டு இந்திப் பாடல்களை வாரந்தோறும் வரிசைப்படுத்தியது. நம் உருது வீடுகளின் மூத்தவர்கள் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வார்கள். அதே நிலையத்தின் தமிழ்ச் சேவைக்கு நேயர்கள் அஞ்சலட்டையில் விருப்பப் பாடலை எழுதி அனுப்புவார்கள். ஒரே பாடலைக் கேட்ட பல ஊர்க்காரர்களின் பெயர்கள் வரிசையாக வாசிக்கப்படும். முன்பின் அறியாத ஒருவரோடு தம் பெயரும் சேர்ந்து ஒலிப்பதில் ஓர் இன்பம் இருந்தது. அந்தப் பட்டியலை யாரோ தொலைவில் தயாரித்தார்கள். கேட்டவர் அடுத்த வீட்டுக்காரரை அதைக் கொண்டு அடிக்க வழியில்லை. இன்று அடிப்பதற்காகவே பட்டியல் தயாராகிறது.

இன்னும் கேளுங்கள். தம் நாயகரின் பாடலுக்கு யூடியூபில் எண்ணிக்கை ஏற வேண்டும் என்பதற்காக, வீட்டிலுள்ள கைபேசிகளில் எல்லாம் அதை ஓடவிட்டு, தொல்லையாக இருக்கிறதென்று ஒலியை அடக்கிவிட்டு உறங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். பாட்டு ஓடுகிறது, கேட்க ஒரு காதும் இல்லை. இவர்களை இசை ரசிகர்கள் என்று எப்படி அழைப்பது? ஸூரத்துத் தகாஸுர் எதைக் கண்டித்து இறங்கியது என்று இவர்களுக்கு யாராவது சொல்லித்தர வேண்டும். ஆண்டிறுதியில் ஸ்பாட்டிஃபை அனுப்பும் கணக்கைப் பெருமையாக ஸ்டேட்டஸில் வைக்கிறார்கள். அதில் முப்பதாயிரம் நிமிடம் என்று இருந்தால் அது 500 மணி நேரம். இருபது முழு நாட்களுக்கும் மேல். ஆயுளை எதில் கழித்தாய் என்ற கேள்விக்கு மறுமையில் விடை சொல்லாமல் அடியானின் பாதங்கள் நகரா என்று ஹதீஸ் சொல்கிறது. இவர்கள் விடைத்தாளை இப்போதே படம் பிடித்து ஊருக்குக் காட்டுகிறார்கள்.

நம் பட்டியல்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். முதலிடம் கொடுத்திருக்கும் அந்த ஹனீபா பாட்டை எழுதியவர் யார்? பத்தில் ஒன்பது பேருக்குத் தெரியாது. புலவர் ஆபிதீன், நாகூர் சலீம், கிளியனூர் அப்துல் சலாம் போன்றோர் எழுதிக் கொடுத்த சொற்களைத்தான் அந்தக் கம்பீரக் குரல் வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. 1925 டிசம்பர் 25இல் பிறந்து 2015 ஏப்ரல் 8இல் மறைந்த பாடகரின் தேதிகள் எல்லோருக்கும் மனப்பாடம். கவிஞர்களின் பெயர்கூட எஞ்சவில்லை. பாடலுக்கு எண் போடத் தெரிந்தவர்களுக்கு அதன் பொருளைச் சொல்லத் தெரியவில்லை. குணங்குடி மஸ்தான் சாகிபின் பராபரக்கண்ணியில் நூறு கண்ணிகள் இருக்கின்றன. எந்தப் பட்டியலிலாவது அவற்றுள் ஒன்றைக் கண்டதுண்டா? உருது நஅத்தின் பொருள் புரியாத தமிழ் வீட்டுப் பையனுக்கு அதை விளக்கிச் சொல்ல, பக்கத்து வீட்டிலேயே ஆள் இருக்கிறது. அவனிடம் கேட்பதை விட்டுவிட்டு அவனைத் தோற்கடிக்கப் பார்க்கிறான்.

ஜமாஅத் நிர்வாகிகளிடம் நாம் கேட்பது இரண்டே. மஹல்லாவின் பெயரால் இயங்கும் குழுக்களில் பாடல் வாக்கெடுப்பை நிறுத்துங்கள். ஜனாஸா அறிவிப்புக்கென்று, அறிவிப்பவரைத் தவிர வேறு எவரும் எழுத முடியாத தனிக் குழு ஒன்றை வைத்து, வெளியேறிய வீடுகளையும் அதில் சேருங்கள். பெற்றோர்களே, பிள்ளையின் கைபேசியில் என்ன பாட்டு இருக்கிறது என்று தேடுவதற்கு முன், அந்தப் பாட்டுக்குக் கீழே அவன் என்ன எழுதியிருக்கிறான் என்று படியுங்கள். இளைஞர்களுக்கு: வருகிற ரபீஉல் அவ்வலில் பாடல் அனுப்பத்தான் போகிறீர்கள். எண் போடாமல் அனுப்புங்கள். எழுதிய கவிஞரின் பெயரைச் சேருங்கள். தமிழ்ப் பாடலென்றால் உருது வீட்டுத் தோழனுக்கும், உருது நஅத்தென்றால் தமிழ் வீட்டுத் தோழனுக்கும் இரண்டு வரியில் பொருள் எழுதி அனுப்புங்கள்.