லாபத்தில் அல்ல, விற்பனையில் பங்கு

புனேயில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் இருக்கிறேன். பீட்சா, பர்கர் கடைக்கான ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டுகள் மேஜைக்கு வந்துகொண்டே இருக்கின்றன. கொண்டு வருபவர்களில் நம்மூர்க்காரர்களும் உண்டு. விஆர்எஸ் வாங்கியவர், பிஎஃப் பணம் கைக்கு வந்தவர், "பையனுக்கு ஒரு பிசினஸ் வச்சுக் குடுத்துடலாம் சார்" என்பவர். எல்லோரும் பிராண்டு, பிராண்டு என்கிறார்கள். அதற்கு மாதாமாதம் அழ வேண்டிய தொகை இருக்கும் பக்கத்தை மட்டும் வேகமாகப் புரட்டிவிடுகிறார்கள்.

சப்வேயை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் அதன் வழக்கமான விகிதம் ராயல்டி 8 சதவீதம், விளம்பர நிதிக்கு 4.5. மெக்டொனால்ட்ஸ் அங்கே 4 வாங்கிக்கொண்டிருந்தது, 2024 முதல் புதுக் கடைகளுக்கு 5 ஆக்கிவிட்டது. (கட்டிட வாடகையும் பெரும்பாலும் அவர்களுக்கே என்பது தனிக்கதை.) இவையெல்லாம் விற்பனை மேல், லாபத்தின் மேல் அல்ல. கடை நஷ்டத்தில் ஓடினாலும் எடுத்து வைக்க வேண்டும்.

ஒரு கணக்குக்கு, மாதம் 8 லட்சம் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். சரக்கு 2.8 லட்சம், வாடகை 1.2, சம்பளம் 1.1, கரண்ட், கேஸ் வகையறா அரை லட்சம், டெலிவரி ஆப்காரர்களுக்கு 1 லட்சம். மிச்சம் 1.4 லட்சம். பரவாயில்லையே என்று தோன்றும். இப்போது 12.5 சதவீதத்தைக் கழியுங்கள், ஒரு லட்சம் போச்சு. அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 2017 நவம்பரிலிருந்து 5 சதவீத ஜிஎஸ்டியில் நடக்கும் உணவகங்களுக்கு இன்புட் கிரெடிட் கிடையாது. ஆக அந்த 18,000-மும் கைக்காசு. மிஞ்சுவது 22,000. 25 லட்சம் கடனுக்கு 11 சதவீத வட்டியில், ஐந்து வருடத்துக்கு இஎம்ஐ மட்டும் சுமார் 54,000. பையன் கல்லாவில் சம்பளமில்லாமல் உட்கார வேண்டியதுதான் :-)

ராயல்டியே தப்பு என்று நான் சொல்லவில்லை. பெயருக்கும் செய்முறைக்கும் விலை உண்டு. என் ஆட்சேபணை வேறு. விலையைக் குறைத்து ஆஃபர் போட்டால் விற்பனை ஏறும், தலைமையகத்தின் வரும்படியும் ஏறும், கடைக்காரருக்குத்தான் கையைக் கடிக்கும். 2009-ல் அமெரிக்காவில் பர்கர் கிங் கடைக்காரர்கள் சங்கம் ஒரு டாலர் டபுள் சீஸ்பர்கரை எதிர்த்து வழக்குப் போட்டது இதற்காகத்தான். செய்யும் செலவே அதைவிட அதிகம் என்றார்கள்.

பாக்கி வைத்தாலும் விடமாட்டார்கள். 2017 ஆகஸ்டில் வட, கிழக்கு இந்தியாவின் 169 மெக்டொனால்ட்ஸ் கடைகளுக்கான ஒப்பந்தம் ரத்தானபோது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று ராயல்டி கட்டாதது. அங்கே எதிர்த்து நின்றது விக்ரம் பக்ஷி, 1995-லிருந்து பங்காளி. 2019-ல்தான் சமரசம் ஆனது. ஒற்றைக் கடை வைத்திருப்பவருக்கு அந்தத் தெம்பெல்லாம் ஏது?

அமெரிக்காவில் கையெழுத்துக்கு 14 நாள் முன்பே, விலகிய கடைக்காரர்களின் விவரம் உட்பட எல்லாவற்றையும் எழுத்தில் கொடுத்தாக வேண்டும். இங்கே ஃபிரான்சைஸுக்கென்று தனிச் சட்டமே இல்லை, 1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டம்தான். அதனால் நீங்களாகத்தான் கேட்க வேண்டும். விளம்பர நிதியின் ஆடிட் கணக்கைக் கேளுங்கள், உங்கள் ஊரில் அதில் எவ்வளவு செலவானது என்றும் கேளுங்கள். மூடிய கடைகளின் பட்டியலைக் கேளுங்கள். தரவில்லையா, அந்தத் தெருவுக்கே ஒரு நடை போய்விட்டு வாருங்கள். பக்கத்து டீக்கடைக்காரர் எல்லாம் சொல்வார்.