ஏற்ற முத்திரை

கடிதம் வரைதல் எம் தமிழ்ப் பாடத்தில் நெடுங்காலமாக இடம்பெற்றுவரும் பயிற்சியாகும். விளிப்பு, செய்தி, முடிவு, ஒப்பம் என்பவற்றையெல்லாம் ஒழுங்காகக் கற்பிக்கின்றோம். எழுதிய கடிதத்தை உறையிலிட்டு, அதற்கேற்ற முத்திரையைத் தெரிந்து ஒட்டுவதைக் கற்பித்தோமா? உயிலங்குளத்தில் என் மாணவர் சிலரை இவ்வினாவினாற் சோதித்தேன். கட்டுரையில் முதன்மை பெறும் மாணவன் ஒருவன், முத்திரையை உறையின் பின்புறத்தே ஒட்டலாம் என்றான். இன்னொருவன், தமிழ்நாட்டு உறவினர் அனுப்பிய உறையில் தபாற்குறி படாதிருந்த இந்திய முத்திரையைக் கழற்றி ஒட்டினாற் போதும் என்றான். முதலிற் சிரித்தேன்; பின்னர் நாணினேன். குற்றம் அவர்களுடையதன்று, என்னுடையதே.

இஃது அற்ப விடயம் என்பார் உளர். அவர்கட்கு முத்திரையின் வரலாறே விடை கூறும். 1840-க்கு முன் இங்கிலாந்திலே பெரும்பாலும் கடிதத்தைப் பெறுபவரே கூலி செலுத்தினர். தூரத்துக்கும் தாள்களின் தொகைக்கும் ஏற்பக் கூலி ஏறிற்று. கூலி கொடுக்க வகையற்ற வறியோர், தம் மக்களின் கடிதத்தைக் கண்ணாற் கண்டும் கையில் வாங்கமுடியாது நின்றனர். இம்முறையை மாற்றும் வழியை றோலண்ட் ஹில் என்பார் 1837-இல் ஒரு சிறு நூலால் வெளியிட்டார். அதன் பயனாக 1840 மே 6-ஆந் திகதி ஒரு பென்னிக் கறுப்பு முத்திரை வழக்கிற்கு வந்தது. இலங்கையின் முதல் முத்திரை 1857 ஏப்பிரல் 1-ஆந் திகதி ஆறு பென்ஸ் விலையில் வெளிவந்தது. ஆகவே, முத்திரை வெறும் படத்துண்டு அன்று. ‘இச்சுமை என்னுடையது, உம்முடையதன்று’ என்று எழுதுபவர் பெறுபவருக்குக் கூறும் உறுதிமொழி அது.

குறைந்த முத்திரை ஒட்டுவோர் அவ்வுறுதியை முறிக்கின்றனர். குறைந்த தொகையின் இருமடங்கைப் பெறுபவரிடம் அறவிடுதல் பழைய தபால் வழக்கு. எம் நாட்டுச் சாதாரண கடிதக் கட்டணம் 2022 ஓகஸ்ட் 15-ஆந் திகதி 15 ரூபாவிலிருந்து 50 ரூபாவாக உயர்ந்தது. அதன்பின்னும் பழைய 15 ரூபா முத்திரை ஒன்றையே ஒட்டியவர் 35 ரூபாவைக் குறைத்தவராவர். அவ்வழக்கின்படி 70 ரூபா பெறுபவர் தலையில் விழும். பெறுபவர் கூலிக்காரத் தாயாயின், அவள் நிலை யாது? பழைய முத்திரையை எறியவும் வேண்டியதில்லை. அருகே 35 ரூபாவுக்கு வேறு முத்திரை ஒட்டினாற் கணக்கு நேராகும்.

ஏற்ற முத்திரையைத் தெரிதற்கு மூன்று வினாக்கள் போதும். எடை எவ்வளவு? செல்லுமிடம் எது? சாதாரணமாகவோ, பதிவுத் தபாலாகவோ? நாம் வழங்கும் ஏ-நான்கு தாள் ஒன்று ஏறக்குறைய 5 கிராம் நிறையுடையது. நான்கு தாள் 20 கிராம். உறையின் நிறை வேறு.  எனவே, ஐயமுண்டாயின் தபாற் கந்தோர்த் தராசே நீதிபதி. எந்நாட்டுத் தபாலில் இடுகின்றோமோ அந்நாட்டு முத்திரையே செல்லும் என்பதும் மறக்கற்பாலதன்று.

விலை சரியான பின்னரே படத்தைத் தெரிதல் வேண்டும். அதுவும் இன்பமான தெரிவே. 1971-இல் ஆறுமுக நாவலருக்கும், 1979-இல் விபுலானந்த அடிகளுக்கும் எம் நாடு முத்திரை வெளியிட்டது. தமிழாசிரியன் ஒருவனுக்கு அவற்றினும் இனிய படம் உண்டோ?

கைத்தொலைபேசியிருக்கக் கடிதம் எதற்கென்பர் இளைஞர். உண்மையே, சுகம் விசாரிக்க அது போதும். ஆயினும் வேலை விண்ணப்பமும், காணி பற்றிய அறிவித்தலும், மன்றின் கட்டளையும் இன்றும் உறையேறி வருகின்றன. மேலும், எம் மன்னார்க்கரை கடிதத்தின் அருமையை அறிந்த கரை. 1914 முதல், தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 வரை, இரு நாட்டுத் தபாலும் தலைமன்னார்த் துறை வழியே கப்பலேறிற்று. போர்க்காலத்தில் உறவினரின் ஒரு வரிக்காகப் பல மாதம் காத்திருந்தோர் எம் வீடுகளில் இன்றும் உளர்.

பழைய மாணவர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். இவ்விழா நினைவாக ஆண்டுதோறும் ஒரு வகுப்பு மாணவருக்கேனும் உறையும் முத்திரையும் வழங்குங்கள். அவர்கள் உங்களுக்கே கடிதம் எழுதட்டும். தாமே நிறுத்து, தாமே ஒட்டி, தாமே பெட்டியில் இடட்டும். குறைந்த முத்திரையுடன் ஒன்று வந்தாற் கோபியாது வாங்கிக்கொண்டு, குறையைச் சுட்டி மறுமொழி எழுதுங்கள். அம்மறுமொழியில் மட்டும் முத்திரை சரியாக இருத்தல் வேண்டும்.