தொட்டுக்குள்ளே ஒளியும் திருடன்! தனியாக மருந்து வைத்து ஒழியாது!

விவசாயப் பெருமக்களே!

வல்லம் வடகாலில் சிப்காட்டுக்குப் போனது போக மிஞ்சிய கொல்லையில் நாலு தென்னை நிற்குது. "காய் சிறுத்துப் போச்சா? நீ ஒழுங்கா மருந்து வைக்கலை" என்று பழியை நம் தலையில் கட்டுகிறார்கள். உண்மை என்ன?

1998இல் கேரளாவில் கண்டறியப்பட்டு, தமிழகத் தோப்புகளிலும் புகுந்தது ஈரியோபைட் சிலந்தி. வெறுங்கண்ணுக்குத் தெரியாது. குரும்பையின் தொட்டுக்குள்ளே புகுந்து, சாற்றை உறிஞ்சி, அங்கேயே முட்டையிடும். முட்டை, குஞ்சு, வளர்ந்த சிலந்தி எல்லாம் சுமார் பத்தே நாள்! மாசம் ஒரு பாளை வெடிக்கிற மரத்தில் அதுக்கு எப்பவும் புதுக் குரும்பை தயார். காற்றடிச்சா அடுத்த கொல்லைக்கும் போகும். நீ ஒருத்தன் வைத்தால், பக்கத்துக் கொல்லையிலிருந்து திரும்ப வரும்!

வேரில் கட்டச் சொன்ன மோனோகுரோட்டோபாஸை 2023இல் மத்திய அரசே தடை செய்தது. இத்தனை வருஷம் கடைக்குக் காசு, நமக்குக் கடன்!

அரசே!

★ ஊர் முழுக்க ஒரே வாரத்தில் வேம்பு மருந்தை வேரில் கட்ட, மருந்தும் ஆளும் இலவசமாகக் கொடு!

★ சிறுத்த காய்க்கு நஷ்டஈடு கொடு!

உதிர்ந்த குரும்பையை அள்ளி எரிப்போம்! ஊராய்த் திரள்வோம்! வெல்வோம்!

– விவசாயிகள் சங்கம்