நீல அட்டையைக் கேட்டு வாங்குங்கள்

விதை மூட்டையில் அட்டை தொங்குவதாலேயே அது சான்று பெற்ற விதை ஆகிவிடாது. கள்ளக்குறிச்சிப் பகுதி நெல் விவசாயிகள் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

1966-ம் ஆண்டு விதைச் சட்டப்படி, அறிவிக்கை செய்யப்பட்ட ரகங்களுக்கு விவர அட்டை கட்டாயம். சான்று பெறுவது உற்பத்தியாளரின் விருப்பம். பச்சை அட்டை, உற்பத்தியாளர் தம் விதைக்குத் தாமே தரும் உறுதி. நீல அட்டையோ, விற்பவரும் வாங்குபவரும் அல்லாத மூன்றாமவர் தருவது. தமிழகத்தில் 1979 முதல் இப்பணிக்கெனத் தனித் துறை உள்ளது. விதைச்சான்று அலுவலர் விதைப் பயிரை வயலிலேயே பார்வையிட்டு, கலவன்கள் நீக்கப்பட்டனவா என ஆராய்வார். பின்னர் விதை மாதிரி ஆய்வகம் செல்லும். நெல்லுக்கு முளைப்புத் திறன் 80 சதம், புறத்தூய்மை 98 சதம் இருந்தால்தான் சான்று கிடைக்கும்.

முளைப்பை நாமே சோதித்துவிடலாம். கலவனை விதையில் கண்டுபிடிப்பது கடினம். கதிர் வந்தபின் தெரிந்து பயனில்லை, போகமே போய்விடும். ஆகவே, விலை சற்றுக் கூடினாலும் நீல அட்டை விதையே மேல் என்பது என் கருத்து. வாங்கும்போது காலக்கெடுவைப் பாருங்கள். அட்டையையும் ரசீதையும் அறுவடை வரை பத்திரப்படுத்துங்கள். குறை கண்டால் விதை ஆய்வாளரிடம் புகார் செய்ய அவை வேண்டும்.

கல்வராயன் மலை விவசாயிகள் வழிவழியாகச் சேமித்துவரும் சாமை விதைக்கு அட்டை கிடையாது. அதனால் அது மட்டமான விதை ஆகாது. நல்ல கதிர்களைத் தாமே பொறுக்கி, 100 விதைகளை ஈரச் சாக்கில் முளைக்கவைத்துப் பார்த்து விதைக்கலாம்.