கூட்டுரோட்டில் ஒரு காது

கோலியனூர் கூட்டுரோட்டில் ஒரு கண்டக்டர் ‘பாண்டி, பாண்டி’ என்கிறார். இன்னொருவர் ‘பண்ருட்டி’ என்கிறார். முதல் எழுத்து நெடிலா குறிலா என்பதே போதும், நிற்பவர்களின் கால் நகர்ந்துவிடுகிறது. சொல் முடியும்வரை மூளை காத்திருப்பதில்லை. இடத்தையும் வழக்கத்தையும் வைத்து அடுத்து வருவதை ஊகித்துக்கொண்டே இருக்கிறது. ‘இட்லிக்குத் தொட்டுக்கொள்ள சிமென்ட்’ என்றால் ஊகம் பொய்க்கும், சுமார் 0.4 நொடியில் அது மூளையின் மின்னலைகளில் தெரியும். மார்ட்டா குட்டாஸ், ஸ்டீவன் ஹில்யார்டு என்ற ஆய்வாளர்கள் 1980இல் வாசிக்கும் சொற்களில் இதைக் காட்டினார்கள். பிறகு பேச்சிலும், நாய்க்குரைப்பு போன்ற அன்றாட ஓசைகளிலும் இதையொத்த அலை பதிவானது. ஓசைக்கும் பொருள் உண்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அதனால்தான் ஏர் ஹாரன்மேல் எனக்கு இவ்வளவு கோபம். ஆட்டை விரட்டவும் அதே, ஆளை எச்சரிக்கவும் அதே என்று ஓயாமல் அடித்தால், பழகிப்போன மூளை அதைப் பொருளற்ற இரைச்சலாக ஒதுக்கிவிடும். அந்த இரைச்சலில் மெல்லிய மெய்யொலிகள் முதலில் அமுங்கும். காது மங்கிய மூதாட்டி எந்த பஸ் என்று நாலு பேரைக் கேட்டுத் தவிக்கிறார். ஏர் ஹாரனுக்குச் சட்டத்தில் தடை இருக்கிறது. கழற்ற வைக்க வேண்டியவர்கள் ஒரு மாலை இங்கே வந்து நிற்கட்டும்.