காண்டாமிருகத்துக்குப் பிறகு கோலாட்டம்

முக்திநாத்துக்குப் போகிற நம்மவர்களின் யாத்திரையில் இப்போதெல்லாம் ஒரு புதிய உருப்படி சேர்ந்திருக்கிறது. காத்மாண்டுவில் பசுபதிநாதர், போக்ராவில் ஏரி, முக்திநாத்தில் நூற்றெட்டுத் தாரைகளில் ஸ்நானம் எல்லாம் ஆன பிறகு, திரும்புகிற வழியில் சித்வன் காட்டில் இரண்டு பகலும் ஓர் இரவும். புண்ணியம் சேர்த்தாகிவிட்டது, கொஞ்சம் வேடிக்கையும் பார்த்துவிட்டுப் போகலாமே என்று பிரயாண ஏஜண்டுகள் நினைத்திருக்கிறார்கள். அதில் தப்பில்லை. அவர்கள் அச்சடித்துக் கொடுக்கும் நிகழ்ச்சி நிரல் மட்டும் என்னை உறுத்துகிறது. காலையில் ஜீப்பில் வனவிலங்கு. பிற்பகல் கட்டுமரம் போன்ற படகில் முதலை. மாலையில் கிராமத்தைச் சுற்றி ஒரு நடை. ஏழு மணிக்குத் தாரு ஜனங்களின் நடனம். எட்டு மணிக்குச் சாப்பாடு.

காண்டாமிருகத்தைப் பார்ப்பதில் எனக்கு ஆட்சேபணை ஒன்றும் கிடையாது. ஆளுயரப் புல்லைத் தள்ளிக்கொண்டு, கவசம் பூண்ட பழைய காலத்துப் படைத்தலைவனைப் போல அது வெளியே வந்து நிற்கும்போது பார்க்காதவன் துரதிர்ஷ்டசாலி. என் ஆட்சேபணையெல்லாம், மிருகத்தையும் மனிதரையும் ஒரே ஜாபிதாவில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, இரண்டுக்கும் நடுவே இருக்கும் கதையை அழித்துவிடுகிறார்களே என்பதுதான். இந்தக் காட்டுக்கும் இந்த ஜனங்களுக்கும் உள்ள உறவைச் சொல்லாமல் ஒன்றைக் காலையிலும் மற்றொன்றை மாலையிலும் காட்டுவது, ஒரு குடும்பத்தின் சொத்து வழக்கை மறைத்துவிட்டு அவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் நம்மைச் சாப்பிடக் கூப்பிடுவது மாதிரி.

தாருக்கள் யார்? இமயமலையின் காலடியில், இந்திய எல்லையை ஒட்டி நீளும் தராய் என்னும் சமவெளிப் பட்டையின் பூர்வ குடிகளில் முக்கியமானவர்கள். 2021 ஜனத்தொகைக் கணக்குப்படி நேபாளத்தில் இவர்கள் 18 லட்சம் பேர். அந்நாட்டு ஜனங்களில் நூற்றுக்கு ஆறு பேருக்கு மேல். ஒரே கிராமத்தில் அடைந்து கிடக்கும் காட்டு ஜாதி அல்ல. கிழக்கிலிருந்து மேற்குவரை பரவி, இடத்துக்கு இடம் பேச்சும் உடையும் மாறுபட்டு வாழும் உழவர் சமூகம். நெல் பயிரிடுகிறவர்கள். அரிசி மாவைப் பிடித்து ஆவியில் வேகவைத்து 'டிக்ரி' என்று ஒரு பலகாரம் செய்கிறார்கள். நம் வீட்டுக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட சகோதரி என்று சொல்லலாம். நமக்குப் பொங்கல் வரும் அதே நாட்களில் இவர்களுக்கு 'மாகி' என்ற புது வருஷப் பண்டிகை. நடன மேடையின் முன்னே உட்கார்ந்து, 'இவர்கள் ஏதோ விசித்திரப் பிறவிகள்' என்று நினைக்கும் நம்மவருக்கு இந்த இரண்டு செய்திகளையாவது யாராவது சொல்லியிருக்கலாம்.

இந்தத் தராய்க் காட்டில் ஒரு காலத்தில் வேறு யாரும் இரவு தங்கமாட்டார்கள். 'அவுல்' என்று அவர்கள் சொன்ன மலைக் காய்ச்சல், அதாவது மலேரியா, மலையிலிருந்து இறங்கி வந்தவனைச் சில நாட்களில் தீர்த்துக் கட்டிவிடும். தாருக்கள் மட்டும் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருந்தார்கள். அவர்கள் இரத்தத்திலேயே ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டு. அதே இடத்தில் வாழும் மற்றவர்களோடு ஒப்பிட்டால் தாருக்களிடம் மலேரியா ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் என்று 1991-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கண்டது. அது சும்மா வந்த வரப்பிரசாதம் அல்ல. எத்தனையோ தலைமுறைகளின் குழந்தைகளைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து, எஞ்சியவர்களின் சந்ததி பெற்ற பலம். அந்த நிலத்துக்கு அவர்கள் கொடுத்த விலை அது. பட்டா என்று ஒன்று உண்டானால் இதைவிடப் பெரிய பட்டா எது?

ஆனால் கச்சேரிகள் அந்த மாதிரிப் பட்டாவை ஒப்புக்கொள்வதில்லை. 1854-ல் நேபாளத்தில் ராணாக்கள் எழுதிய சட்டப் புத்தகம் தாருக்களை, குடிப்பழக்கமுள்ள, அடிமையாக்கப்படத் தக்க ஜாதிகளின் வரிசையில் வைத்தது. காடு ராணாக்களின் வேட்டை நிலமாயிற்று. 1911-ல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வந்தார். அவருடைய பரிவாரம் 39 புலிகளையும் 18 காண்டாமிருகங்களையும் சுட்டுத் தள்ளியது. 1938-39 குளிர்காலத்தில் சித்வனில் நடந்த பெரிய வேட்டையில் 120 புலிகளும் 38 காண்டாமிருகங்களும் மாண்டன. அந்த வேட்டைகளுக்கு யானைகளைப் பழக்கியவர்களும், பாகர்களாக இருந்து ஓட்டியவர்களும் பெரும்பாலும் தாருக்கள். துப்பாக்கி வேறொருவர் கையில். புகைப்படத்தில் மீசையும் வேறொருவருடையது. ஆனால் 'காட்டை அழித்தவர்கள் யார்?' என்று பிற்காலத்தில் பஞ்சாயத்துக் கூடியபோது விரல் யார் பக்கம் நீண்டது என்று பாருங்கள்.

1950-களின் நடுவில் அமெரிக்க உதவியோடு டி.டி.டி. மருந்து வந்தது. கொசு செத்தது. காய்ச்சல் என்ற காவற்காரன் ஒழிந்ததும் காட்டின் கதவு திறந்துகொண்டது. மலைப் பிரதேசத்திலிருந்து நிலமில்லா ஜனங்கள் ஆயிரக்கணக்கில் இறங்கி வந்தார்கள். அவர்களும் ஏழைகள்தான், அவர்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் வந்தவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள், கச்சேரி வழி தெரிந்தவர்கள் இருந்தார்கள். தாருவுக்கு ஏர் தெரியும். மனு எழுதத் தெரியாது. அவன் பாட்டன் திருத்திய நிலம் இன்னொருவன் பெயரில் பதிவாயிற்று. பல இடங்களில் நிலத்தின் சொந்தக்காரன் அதே நிலத்தில் குத்தகைக்காரனாகவும் கூலிக்காரனாகவும் ஆனான்.

காடு வேகமாகக் குறைந்தது. 1950 வாக்கில் சித்வனில் எண்ணூறு போல இருந்த காண்டாமிருகங்கள் 1960-களின் இறுதியில் நூறு அளவுக்கு வந்துவிட்டன. அரசாங்கம் விழித்துக்கொண்டது. 1964-ல் அந்தப் பள்ளத்தாக்கிலிருந்து சுமார் 22,000 பேர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். 1973-ல் நேபாளத்தின் முதல் தேசியப் பூங்காவாகச் சித்வன் அறிவிக்கப்பட்டது. 1975-லிருந்து பட்டாளம் காவல் நிற்கிறது. 1984-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் என்ற பட்டமும் கிடைத்தது. ராப்தி நதிக்கு அப்பால் இருந்த பதம்பூர் என்ற ஊரும் பின்னால் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டது.

இதனால் தாருவின் அன்றாட வாழ்க்கையில் நேர்ந்தது என்ன? கூரைக்குப் புல் காட்டில் இருக்கிறது. சுவர் கட்டும் நாணலும் காட்டில் இருக்கிறது. அடுப்புக்குச் சுள்ளி, மாட்டுக்கு மேய்ச்சல், குழம்புக்கு மீனும் நத்தையும், எல்லாம் அங்கேதான். இனி அதற்கெல்லாம் அநுமதிச் சீட்டு. புல் அறுக்க 1976-ல் ஆண்டுக்கு இருபது நாள் போல விட்டார்கள். அது வரவரச் சுருங்கி விரல் விட்டு எண்ணும் நாட்களாகிவிட்டது. அதே சமயத்தில் பிரயாணிகள் தங்கும் விடுதிகளில் 'தாரு பாணி' என்று சொல்லி வேய்ந்த புல் கூரையைப் பார்க்கலாம். கிராமத்துக்குள் போனால் தாருவின் வீட்டுக்குத் தகரக் கூரை. அவனுடைய பாணி அவனுக்குக் கட்டுப்படியாகவில்லை, நமக்குக் கட்டுப்படியாகிறது. இதைவிடப் பெரிய நையாண்டியை எந்தக் கதாசிரியனும் கற்பனை செய்துவிட முடியாது.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2020 ஜூலையில், மழை கொட்டுகிற மாதத்தில், பூங்காவின் தெற்கே மாடிப் பள்ளத்தாக்கில் குசும் கோலா என்ற இடத்தில், தாருக்களின் அண்டை வீட்டாரான செபாங் ஜனங்களின் குடிசைகளைப் பூங்காச் சிப்பந்திகள் அகற்றினார்கள். சில குடிசைகளுக்குத் தீ. மற்றவற்றை இடிக்க யானை. நாம் வாழைப்பழம் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்ளும் யானைக்கு இப்படியும் ஓர் உத்தியோகம் உண்டு என்பது நிகழ்ச்சி நிரலில் அச்சாவதில்லை.

'அப்படியானால் பூங்காவே வேண்டாம் என்கிறீரா?' என்று கேட்பீர்கள். இல்லை. 2021-ல் எடுத்த கணக்குப்படி நேபாளத்தில் 752 காண்டாமிருகங்கள். அவற்றில் 694 சித்வனில். 2022-ல் சித்வனில் மட்டும் 128 புலிகள். இது உலகம் மெச்ச வேண்டிய காரியம், நானும் மெச்சுகிறேன். ஆனால் இந்தக் காரியத்துக்கான செலவை யார் கொடுத்தார்கள் என்ற கணக்கையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். காண்டாமிருகம் பெருகினால் இரவில் அது யார் வயலில் மேய்கிறது? புலி பெருகினால் யார் மாட்டுக்கொட்டிலுக்கு வருகிறது? விடுதிக்காரனுக்கு மிருகம் லாபம், வயற்காரனுக்கு நஷ்டம். இதை நேபாள அரசாங்கமே உணர்ந்து, பூங்கா வருமானத்தில் நூற்றுக்கு 30 முதல் 50 பங்கு வரை சுற்றுக் கிராமங்களின் அபிவிருத்திக்குச் செலவிட வேண்டும் என்று சட்டம் செய்து, 1996-ல் சித்வனைச் சுற்றி 750 சதுர கிலோமீட்டரை இடைநிலப் பகுதியாகவும் அறிவித்தது. நல்ல சட்டம். கடன் இருக்கிறது என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்ட பத்திரம் அது. பார்க்கப் போகும் நாம்தான் கடனைப் பற்றிக் காதால்கூடக் கேட்காமல் திரும்புகிறோம்.

இனி அந்தக் கிராம நடைக்கு வருவோம். அரை மணி நேரம். வழிகாட்டி முன்னே போகிறான். நாம் பின்னே போய் எட்டிப் பார்க்கிறோம். சாணம் மெழுகிய சுவர், குதிர், உரல், மூலையில் ஒரு கிழவி. 'இவர்கள் இப்படித்தான் பழங்காலத்திலிருந்து மாறாமல் வாழ்கிறார்கள்' என்கிறான் வழிகாட்டி. அர்ஜுன் குணரத்ன என்ற மானிடவியல் அறிஞர் சித்வன் கிராமங்களில் தங்கி இந்த நடையையே ஆராய்ந்து எழுதியிருக்கிறார். அவர் கண்ட வழிகாட்டிகள் தாருக்களே அல்ல. மலையிலிருந்து வந்த உயர்ஜாதிக்காரர்கள். அவர்கள் வாயில் தாரு ஒரு பிற்பட்ட, பழங்கால மனிதனாகிவிடுகிறான். நிலத்தை இழந்தவனைப் பற்றி, நிலத்தில் வந்து குடியேறியவர்களின் பிள்ளை விளக்கம் சொல்கிறான், நாம் தலையாட்டுகிறோம். மாறாமலா இருக்கிறார்கள்? காய்ச்சலும் வேட்டையும் குடியேற்றமும் பட்டாளமுமாக ஒரு நூற்றாண்டில் இவர்களைப் போல மாற்றத்தைக் கண்ட ஜனங்கள் அதிகம் இல்லை.

இரவு ஏழு மணி நடனத்தை நான் பரிகாசம் செய்யமாட்டேன். நம் கோலாட்டத்தின் நெருங்கிய உறவு அது. கோல்கள் மோதும் வேகமும், காலின் கணக்கும் பிரமாதம். ஆடும் இளைஞர்கள் பகலில் வயலில் வேலை செய்திருக்கலாம். இரவில் நாலு காசு வந்தால் வரட்டுமே. 'அவர்களுக்கும் பிழைப்பு நடக்கிறது, உமக்கென்ன?' என்பது இந்த இடத்தில் வழக்கமாக வரும் கேள்வி. பிழைப்பு நடக்கட்டும். ஆனால் கொட்டகைக்கு நாம் கொடுத்த காசில் ஆடியவனுக்கு எவ்வளவு போகிறது என்று நம்மில் எத்தனை பேர் விசாரித்தோம்? ஆட்டத்தின் பெயர் என்ன, எந்தப் பண்டிகைக்கு ஆடுவது, பாட்டின் பொருள் என்ன என்று கேட்டவர் யார்? மயில் வேஷம் வந்ததும் கைதட்டி, கடைசியில் மேடை ஏறி நாமும் நாலு குதி குதித்துவிட்டு, எட்டு மணிச் சாப்பாட்டுக்கு ஓடுகிறோம். நம் ஊர்த் தேவராட்டத்தையோ ஒயிலாட்டத்தையோ ஒரு வெளிநாட்டுக்காரர் இப்படிச் சாப்பாட்டுக்கு முந்திய சூப்பாகப் பாவித்தால் நாம் பத்திரிகைக்குக் கடிதம் எழுதமாட்டோமா?

என் தொழிலைச் சேர்ந்தவர்களையும் விட்டுவிட எனக்கு மனமில்லை. பிரயாணக் கட்டுரை எழுதுகிறவர்கள் இப்படிப்பட்ட ஜனங்களைக் கண்டதும் 'கள்ளங் கபடமற்றவர்கள்', 'இயற்கையின் குழந்தைகள்' என்று இரண்டு வார்த்தைகளை எடுத்துப் பூசிவிடுகிறார்கள். குழந்தை என்றால் அதற்குப் பாத்தியதை கிடையாது, வழக்குப் போடாது, கணக்குக் கேட்காது. புகழ்ச்சியைப் போல ஒருவன் வாயை அடைக்கும் ஆயுதம் வேறில்லை. மேற்குத் தராயில் தாருக் குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் 'கமையா' என்ற கடனடிமைத் தளையில் கிடந்தார்கள். அந்த இயற்கையின் குழந்தைகள் கிளர்ச்சி செய்தார்கள். 2000 ஜூலையில் நேபாள அரசாங்கம் அந்த முறையை ஒழித்து அறிவிப்புச் செய்தது. கோல் எடுத்து ஆடத் தெரிந்தவர்களுக்குக் கொடி எடுத்து நடக்கவும் தெரியும்.

'இரண்டு நாள் போகிறவனிடம் இவ்வளவு பாரத்தை ஏற்றலாமா?' என்பது கடைசிக் கேள்வி. நான் கேட்பது அதிகமில்லை. விடுதி யாருடையது என்று கேளுங்கள். அமல்தரி, பரௌலி போன்ற இடங்களில் ஊர் ஜனங்களே தங்கள் வீடுகளை ஒட்டி விருந்தினரை வைத்துக்கொள்கிறார்கள். அங்கே தங்கினால் காசு அடுப்படிக்கு நேரே போகும். தாருவே வழிகாட்டியாக வரவேண்டும் என்று வற்புறுத்துங்கள். கிராமத்துக்குள் எட்டிப் பார்க்காமல், கூப்பிட்டால் உள்ளே போய் உட்காருங்கள். காண்டாமிருகம் எத்தனை என்று கேட்கும்போதே, போன வருஷம் அது எத்தனை வயலை மேய்ந்தது என்றும் கேளுங்கள். பிரயாண ஏஜண்டுகளுக்கு ஒரு வார்த்தை: ஏழு மணி நடனத்துக்கு முன்னால் ஒரு பத்து நிமிஷம், அந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை மேடையில் உட்கார வைத்துத் தம் ஊர்க் கதையைச் சொல்லச் சொல்லுங்கள். வாடிக்கைக்காரர் ஓடிப்போய்விடமாட்டார்.

நம்மவர்களுக்கு இதில் தனியாக ஒரு கடமையும் உண்டு. நூற்றெட்டுத் திவ்ய தேசங்களில் ஒன்று என்று கருதி நாம் முக்திநாத்துக்குப் போகிறோம். கண்டகி நதியின் சாளக்கிராமத்தைக் கொண்டுவந்து பட்டில் சுற்றிப் பூஜை செய்கிறோம். அந்தக் கண்டகிதான் தேவகாட்டில் திரிசூலியோடு கலந்து, நாராயணி என்ற பெயரோடு சித்வன் காட்டின் ஓரமாக ஓடுகிறது. மேலே கிடைக்கும் கல்லுக்கு அபிஷேகம், கீழே கரையில் இருக்கும் மனிதனுக்கு அரை மணி நேரம் என்பது என்ன நியாயம்? கல்லில் தெய்வத்தைக் காணத் தெரிந்த நமக்கு, மனிதனிடம் ஒரு சரித்திரத்தைக் காண்பது அவ்வளவு சிரமமாக இருக்கக்கூடாது.